பொங்கல் இலையில் காரசாரமாய்க் கெலடெக்

பொங்கலுக்கு முந்திய வாரம் இது. வந்த கேள்விகளில் கரும்பைப் பற்றி ஒன்று, மஞ்சள் கொத்தைப் பற்றி ஒன்று. மிச்சமெல்லாம் வள்ளிக்கிழங்கு, அதாவது நம் கெலடெக்! ஆகவே இந்த வாரப் பக்கம் முழுக்கக் கிழங்குக்கே.

*

கேள்வி (ஸ்கூடாய் வாசகி): அக்கா, எங்கள் வீட்டில் கெலடெக் என்றால் சாயங்காலப் பலகாரம்தான். பொங்கலன்று சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளச் செய்யலாமா? இனிக்குமே!

பதில்: இனிக்கட்டுமே. பறங்கிக்காய் இனிக்கவில்லையா? அதைப் புளியும் மிளகாயும் போட்டுக் குழம்பு வைத்து ஊற்றிக்கொள்கிறோம். மாங்காய்ப் பச்சடியில் வெல்லமே போடுகிறோம். நம் இலையில் இனிப்புக்கும் உறைப்புக்கும் பகை இருந்ததே இல்லை.

ஜொகூரில் நம் கண்ணில் படுவதெல்லாம் இந்தக் கிழங்கின் பலகார முகம். பிசாங் கோரெங் கடையில் மாவில் தோய்த்துப் பொரித்தது, சர்க்கரைப் பாகு பூத்த கெரியா, தேங்காய்ப்பாலில் மிதக்கும் புபூர் சாச்சா. அதனால்தான் சோற்றுக்கு என்றதும் தயங்குகிறோம். ஊரில் நம் பாட்டிமார் பொங்கல் குழம்பில் மொச்சையோடும் அவரையோடும் இதைத்தான் போட்டார்கள். இனிப்பை ஒளித்து வைக்கப் பார்க்காதீர்கள், ஒளியாது. உப்பு, உறைப்பு, புளிப்பு மூன்றையும் அதற்குச் சரிசமமாக நிறுத்துங்கள். ஒன்று குறைந்தாலும் கறி பலகாரமாகிவிடும்.

*

கேள்வி (மாசாய் வாசகர்): பசாரில் மூன்று நான்கு நிறத்தில் குவித்து வைத்திருக்கிறார்கள். காரக் கறிக்கு எது?

பதில்: தோலின் நிறத்தை நம்பாதீர்கள் ஐயா, உள்நிறத்தைக் கேளுங்கள். தோல் சிவந்த கிழங்கு உள்ளே வெள்ளையாகவும் இருக்கும், மஞ்சளாகவும் இருக்கும். வியாபாரியிடம் ஒரு கிழங்கின் நுனியைக் கிள்ளிக் காட்டச் சொல்லுங்கள், காட்டுவார்.

வெள்ளையும் வெளிர்மஞ்சளும் பொதுவாக மாவுச்சத்து மிகுந்தவை. ஈரம் குறைவு, இனிப்பு மட்டு. வறுவலுக்கும் பிரட்டலுக்கும் இவைதான் சரி. ஆரஞ்சு நிறக் கிழங்கில் ஈரம் அதிகம், வெந்ததும் குழையும், இனிப்பும் தூக்கல். அதைக் குழம்புக்கோ மசியலுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். மார்டி வேளாண் ஆய்வுக் கழகம் வெளியிட்ட வைட்டாட்டோ இந்த ஆரஞ்சு ரகம்தான். ஊதா ரகம் கண்ணுக்கு விருந்து. ஆனால் புளிபட்டால் நிறம் மாறும், அதைப் பற்றிக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்.

அளவில் நடுத்தரமாக, கைக்குக் கனமாக இருப்பதை எடுங்கள். மிகப் பெரியவற்றில் நார் ஓடியிருக்கும். வெட்டியதும் வட்டத்தின் ஓரத்தில் வெள்ளைப் பால் பொட்டுப் பொட்டாகக் கசிந்து கத்தியில் பிசுபிசுத்தால் கிழங்கு புதிது என்று நம்பலாம். நறுக்கியதை உடனே உப்புத் தண்ணீரில் போடுங்கள், இல்லையென்றால் கறுத்துப்போகும்.

*

கேள்வி (கூலாய் வாசகி): எனக்கு மட்டும் ஏன் இப்படி? கிழங்கு ஒன்று மாவாகக் கரைகிறது, இல்லாவிட்டால் தேன்போல இனிக்கிறது. அடுப்பைக் குறைத்துப் பொறுமையாகத்தானே வேகவைக்கிறேன்?

பதில்: அந்தப் பொறுமைதான் காரணம், தங்கச்சி!

இந்தக் கிழங்குக்குள் அமிலேஸ் என்றொரு நொதி இருக்கிறது. சூடு ஏற ஏற மாவுச்சத்து இளகும். ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை இந்த நொதி உற்சாகமாக வேலை செய்து, இளகிய மாவை மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக உடைத்துத் தள்ளும். அதற்கு மேல் சூடு போனால் நொதி செத்துவிடும், சர்க்கரை உண்டாவதும் நின்றுவிடும். குளிர்ந்த தண்ணீரில் போட்டுச் சிறு தீயில் ஏற்றினால் கிழங்கு அந்தச் சூட்டில் வெகுநேரம் தங்கும். மால்ட்டோஸ் பெருகும். தணலில் மெதுவாகச் சுட்ட கிழங்கு அவ்வளவு இனிப்பதும் இதனால்தான். பலகாரத்துக்கு அது வரம். கறிக்கு வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். உப்பும் மஞ்சளும் போடுங்கள். இரண்டு சென்டிமீட்டர் சதுரமாக நறுக்கிய துண்டுகளை அதில் போட்டுப் பெரிய தீயிலேயே வையுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் கத்தி நுனி சற்றே தடுமாறி இறங்கும். அப்போதே வடித்து, அகலத் தட்டில் பரப்பிவிடுங்கள். பாத்திரத்திலேயே மூடி வைத்தால் தன் ஆவியிலேயே வெந்து குழைந்துபோகும். பரப்பினால் மேல் ஈரம் காய்ந்து, அடுத்து எண்ணெயில் போடும்போது மொறுமொறுப்பு பிடிக்கும்.

*

கேள்வி (உலு திராம் வாசகி): கதை போதும் அக்கா. அளவு சொல்லுங்கள், எட்டுப் பேர்.

பதில்: இதோ.

வெள்ளை அல்லது மஞ்சள் கிழங்கு ஒரு கிலோ, மேலே சொன்னபடி முக்கால் பதம் வெந்தது. சின்ன வெங்காயம் 150 கிராம். பூண்டு ஆறு பல். பாதி எலுமிச்சை அளவு புளி, கெட்டியாகக் கரைத்தது. நல்லெண்ணெய் நான்கு மேசைக்கரண்டி. துருவிய தேங்காய் ஒரு கைப்பிடி. கறிவேப்பிலை இரண்டு கொத்து, கஞ்சத்தனம் வேண்டாம்.

பொடிக்கு: காய்ந்த மிளகாய் எட்டு, மல்லி ஒரு மேசைக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி. வெறும் சட்டியில் வறுத்துக் கொரகொரப்பாக இடியுங்கள். நைசாக அரைத்த பொடி கிழங்கின் மேல் களிம்புபோல அப்பிக்கொள்ளும். கொரகொரப்பாக இருந்தால் கடிக்கும்போது மிளகு தனியாக, மல்லி தனியாக வாயில் தெறிக்கும். கடையில் வாங்கிய கறித்தூளைப் போட்டும் செய்யலாம்தான். பொங்கலுக்கு ஒரு நாளாவது இடியுங்கள் என்பது என் வேண்டுகோள்.

குவாலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை. நசுக்கிய பூண்டு, முழுதாக உரித்த சின்ன வெங்காயம். வெங்காயத்தின் ஓரம் பழுப்பானதும் புளிக்கரைசல், உப்பு, பொடி. பச்சை வாசம் போய் எண்ணெய் பிரிந்து நிற்கும்போது கிழங்கைக் கொட்டிக் குவாலியைக் குலுக்குங்கள். கரண்டியால் கிண்டாதீர்கள்! நடுத்தீயில் இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். அடிப்பக்கம் பொருக்குப் பிடிக்கும். தோசைக் கரண்டியால் அடியோடு பெயர்த்துத் திருப்பிப் போட்டு மறுபடி இரண்டு நிமிடம். இப்படி மூன்று திருப்பு. கிழங்கில் சர்க்கரை இருப்பதால் தீயைக் கூட்டினால் கருகிக் கசக்கும். கடைசியில் தேங்காய்ப்பூ தூவி இறக்குங்கள்.

அடியில் ஒட்டிய பொருக்கைச் சுரண்டி மேலே போடுங்கள். பந்தியில் முதலில் காணாமல் போவது அதுதான்.

*

கேள்வி (தெப்ராவ் வாசகி): உறைப்பு அதிகமானால் ஒரு கரண்டி சர்க்கரை சேர்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வேண்டிய சர்க்கரையைக் கிழங்கே கொண்டுவருகிறது. தேங்காய்ப்பூ இன்னொரு கைப்பிடி போடுங்கள், உறைப்பு அடங்கும்.

*

கேள்வி (சிகாமட் வாசகி): பொங்கல் குழம்பில் வள்ளிக்கிழங்கை எப்போது போடுவது? போன வருடம் குழம்பில் தேடியும் கிடைக்கவில்லை, கரைந்துவிட்டது.

பதில்: ஏழு காய் சேர்கிற குழம்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் வர முடியாது அம்மா. காய்ந்த மொச்சையை முதல் நாள் இரவே ஊறவைத்துத் தனியாக வேகவைத்துக்கொள்ளுங்கள். சேனையும் வாழைக்காயும் முதலில் இறங்கட்டும். அவை பாதி வெந்ததும் அவரையும் கத்தரியும். பறங்கியும் வள்ளியும் கடைசி. அவை போட்ட பிறகு எட்டு நிமிடம் தாராளம்.

புளியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புளிப்பு சேர்ந்த தண்ணீரில் காய்கள் மெதுவாகத்தான் மிருதுவாகும். காயின் சுவர்களைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் அமிலத்தில் எளிதில் கரையாது. அதனால் சேனை வேகுமுன் புளி ஊற்றினால் சேனை கல்லாகவே நிற்கும். வள்ளிக்கிழங்கு விஷயத்தில் இதை நமக்குச் சாதகமாக்கலாம். உங்கள் கிழங்கு கரைகிற ஜாதி என்று தெரிந்தால் புளியை முதலில் ஊற்றிக் கொதித்த பிறகு கிழங்கைப் போடுங்கள். கூட இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும், ஆனால் துண்டு துண்டாகவே நிற்கும். தேடவே வேண்டாம், கரண்டியில் தானாக வரும்.

*

கேள்வி (பாசிர் கூடாங் வாசகர்): சிங்கப்பூரில் வேலை. காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளில் காஸ்வே. பொங்கலுக்கு ஜொகூரில் பொது விடுமுறையும் இல்லை. மனைவிக்கு அன்று இரவு வேலை. நான் வீடு திரும்பித்தான் பிள்ளைகளுக்குப் பொங்கல் சாப்பாடு. முடியுமா?

பதில்: முடியும் தம்பி. உங்களுக்காகவே இந்தக் கிழங்கு ஒத்துழைக்கும்.

முதல் நாள் இரவு கிழங்கை வேகவைத்து, வடித்து, ஆறவிட்டு டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். வெந்த மாவுச்சத்து குளிரில் இறுகும். அதனால் மறுநாள் பிரட்டும்போது புதிதாக வேகவைத்ததைவிட உடையாமல் நிற்கும். சீக்கிரம் செய்கிற வேலையும் ஆயிற்று, நன்றாக வருகிற வேலையும் ஆயிற்று. பொடியை இடித்து ஒரு புட்டியில், புளியைக் கரைத்து ஒரு கிண்ணத்தில், வெங்காயம் உரித்து இன்னொன்றில். மறுநாள் வந்து குளித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தால் கால் மணி நேரத்தில் பிரட்டல் முடியும். ஒரு பக்கம் குக்கரில் பொங்கல் விசில் அடிக்கட்டும். பிள்ளைகளைத் தேங்காய் துருவச் சொல்லுங்கள், அப்பா சமைத்த பொங்கல் என்று காலத்துக்கும் சொல்வார்கள்.

*

கேள்வி (குளுவாங் வாசகி): நானும் மகளும் ஆசையாகச் செய்தோம். தொண்ணூறு கடந்த எங்கள் பாட்டி இலையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நல்ல நாளில் கிழங்கா? ஜப்பான்காரன் காலத்தில் தின்னது போதாதா?" என்றார். மனசு கஷ்டமாகிவிட்டது.

பதில்: பாட்டி சொன்னது முழு நியாயம். வருத்தப்படாதீர்கள், அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

1942 ஜனவரி 31 அன்று பிரிட்டிஷ் படைகள் காஸ்வேயைக் கடந்து சிங்கப்பூருக்குள் பின்வாங்கி, போகிற போக்கில் அதன் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தன. ஜொகூர் ஜப்பானியர் கைக்குப் போனது. அதன்பின் மூன்றரை ஆண்டு. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கு மேல் பர்மா, சயாம் போன்ற இடங்களிலிருந்து வாங்கித் தின்ற நாடு. கப்பல் நின்றது, அரிசி நின்றது. ரப்பரை வாங்க ஆள் இல்லை, தோட்டத்தில் கூலியும் இல்லை. கிடைத்த மண்ணிலெல்லாம் மரவள்ளியும் வள்ளியும் நட்டார்கள். காலையில் கிழங்கு, இரவிலும் கிழங்கு. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். பலர் திரும்பவே இல்லை. வீட்டில் காத்திருந்தவர்கள் கையில் இருந்தது இந்தக் கிழங்குதான்.

அவர்கள் தின்றது பெரும்பாலும் வெறும் தண்ணீரில் வெந்தது. எண்ணெயும் உப்பும் மசாலாவும் கிடைத்தற்கரிய காலம். அந்தக் கிழங்கும் உங்கள் குவாலியில் நல்லெண்ணெயில் புரண்ட கிழங்கும் ஒன்றல்ல என்று நமக்குத் தெரியும். பாட்டியின் நாவுக்குத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. உயிரைக் காத்த உணவை மறுபடி பார்க்கப் பிடிக்காமல் போவதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு.

பாட்டி இலையில் கிழங்கு வைக்காதீர்கள். சுடச்சுட வெள்ளைச் சோறு நிறைய வையுங்கள், நெய் ஊற்றுங்கள். பந்தி முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, அப்போது என்னென்ன நட்டீர்கள், எப்படி வேகவைத்தீர்கள் என்று உங்கள் மகளைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள். அந்தக் காலத்தைச் சொல்லக்கூடியவர்கள் இப்போது மிகச் சிலரே இருக்கிறார்கள்.

*

கேள்வி (கங்கார் பூலாய் வாசகி): கெலடெக் இலையைச் சாப்பிடலாமா?

பதில்: இளங்கொழுந்தாகக் கிள்ளிச் சாப்பிடுங்கள். பாசிப்பருப்போடு கூட்டு அருமையாக வரும். மலாய்க்காரர்கள் தேங்காய்ப்பாலில் லெமாக் வைக்கிறார்கள், அதுவும் அருமை.

*

கேள்வி (பத்து பகாட் வாசகி): மகன் அமெரிக்காவில் படிக்கிறான். அங்கே நன்றி கூறும் நாள் விருந்தில் கிழங்கின் மேல் மார்ஷ்மெலோ போட்டுச் சுட்டுத் தருகிறார்களாம். அடுத்த முறை அவனும் ஒரு பதார்த்தம் கொண்டுபோக வேண்டுமாம். என்ன செய்யச் சொல்ல?

பதில்: மேலே சொன்ன பிரட்டலைத்தான்!

அந்த மார்ஷ்மெலோ வழக்கத்துக்குப் பின்னால் ஒரு வியாபாரம் இருக்கிறது. 1917-ல் ஒரு மார்ஷ்மெலோ நிறுவனம் தன் சரக்கை விற்க ஒரு சமையல் கையேடு போட்டது. மசித்த கிழங்கின் மேல் மார்ஷ்மெலோ பரப்பிச் சுடும் குறிப்பு அதில் இருந்தது. அது ஒட்டிக்கொண்டு ஒரு நாட்டின் பண்டிகைச் சாப்பாடாகிவிட்டது. அவர்கள் அதை அன்போடு செய்கிறார்கள், மகன் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிடட்டும். ஆனால் வான்கோழி, ரொட்டி, கிரேவி என்று மிளகாயே காணாத அந்த மேசையில் புளியும் மிளகும் மணக்கும் ஒரு தட்டு வந்தால் எத்தனை கை நீளும் என்று பாருங்கள்.

அவனுக்கு ஒன்று சொல்லி வையுங்கள். அங்கே கடைகளில் யாம் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் ஆரஞ்சு நிற வள்ளிக்கிழங்குதான், குழையும். தோல் சிவந்து உள்ளே வெளுத்த ஜப்பானிய ரகம் இனிப்புதான் என்றாலும் உடையாமல் நிற்கும். அதை வாங்கிப் புளியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளட்டும். புளி கிடைக்காவிட்டால் இறக்கியபின் எலுமிச்சை பிழியலாம்.

*

கேள்வி (மூவார் வாசகர்): எனக்குச் சர்க்கரை நோய். "வள்ளிக்கிழங்கு நல்லது" என்று ஒருவர், "தொடவே கூடாது" என்று இன்னொருவர். யாரை நம்ப?

பதில்: உங்கள் டாக்டரையும் உங்கள் குளுக்கோஸ் மானியையும் நம்புங்கள் ஐயா. 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அதாவது பந்தியில் ஆறு பேர் உட்கார்ந்தால் ஏறத்தாழ ஒருவர் உங்களைப் போல. ஆகவே சமைக்கிற எல்லாருக்கும் இது சேதிதான்.

ஒரே கிழங்கு சமைக்கிற விதத்தால் வேறாகும். தண்ணீரில் வேகவைத்தது இரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும். சுட்டது வேகமாக ஏற்றும். ஆனால் எப்படிச் செய்தாலும் அது மாவுச்சத்துதான். காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள், சோற்றுக் கணக்கில் சேருங்கள். அரைக் கிண்ணம் கிழங்கு வைத்துக்கொண்டால் அந்த அளவுக்குச் சோற்றைக் குறையுங்கள். பக்கத்தில் அவரைக்காய்ப் பொரியலைக் குவியுங்கள். சர்க்கரைப் பொங்கல் ஒரு வாய் வேண்டும் என்றால் கிழங்கைப் பேரனுக்குத் தள்ளிவிடுங்கள். இரண்டும் ஒரே இலையில் வேண்டாம்.

*

கேள்வி (பொந்தியான் வாசகி): வாங்கி வைத்த கிழங்கில் சிறு சிறு துளைகள். அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டுச் சமைத்தேன், கசந்தது. ஏன்?

பதில்: கூன்வண்டு புகுந்திருக்கிறது. புழு குடையும்போது கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கசப்புப் பொருளைச் சுரக்கும். அது நச்சுத்தன்மை உள்ளது, வேகவைத்தாலும் போகாது, துளையைச் சுற்றியுள்ள சதையிலும் ஊறியிருக்கும். ஒரு வெள்ளிக்குப் பார்த்துக் குடும்பத்துக்குக் கொடுக்காதீர்கள். துளை விழுந்து கசப்பு வாடை அடிக்கிற கிழங்கை முழுதாகவே எறிந்துவிடுங்கள். மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்கும் அதைப் போடக் கூடாது.

*

கேள்வி (அதே வாசகி): குளிர்பெட்டியில் வைத்தால் வண்டு வராதே?

பதில்: வண்டு வராது, கிழங்கு கெடும். பச்சைக் கிழங்குக்கு ஏறத்தாழ 12 டிகிரிக்குக் கீழே ஆகாது. நடுவில் இறுகிப்போய் எவ்வளவு வேகவைத்தாலும் கட்டையாக நிற்கும். காற்றோட்டமான கூடையில், வெயில் படாமல் வையுங்கள். ஜொகூர் வெக்கையில் நீண்ட நாள் தாங்காது, பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் வாங்கினால் போதும்.

*

கேள்வி (கோத்தா திங்கி வாசகி): பொங்கல் சைவம், சரி. தீபாவளிக்கு ஆட்டுக்கறிப் பிரட்டலுக்குப் பக்கத்தில் என்ன செய்வது? உருளைக்கிழங்கு அலுத்துவிட்டது.

பதில்: நெத்திலி! நம் ஜொகூர் அடுப்பங்கரைக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது.

நெத்திலியைக் கழுவி, நன்றாகத் துடைத்து, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து எடுத்துத் தனியே வையுங்கள். அதே எண்ணெயில் மெலிதாக நறுக்கிய கிழங்கை ஓரம் சிவக்கப் பொரியுங்கள். மீதி எண்ணெயை வடித்துவிட்டு, அரைத்த காய்ந்த மிளகாய், வெங்காயம், ஒரு சுண்டைக்காய் அளவு வறுத்த பிளாச்சான். சம்பால் எண்ணெய் கக்குகிறவரை அவசரப்படாமல் வதக்குங்கள். புளித்தண்ணீர் இரண்டு கரண்டி. ஆறியதும் கிழங்கையும் நெத்திலியையும் போட்டுப் பிசறுங்கள், சூட்டில் பிசறினால் மொறுமொறுப்பு போய்விடும். உப்பு சேர்க்குமுன் ருசி பாருங்கள், நெத்திலியிலும் பிளாச்சானிலும் ஏற்கெனவே உப்பு உண்டு.

ஆட்டுக்கறியின் கொழுப்புக்கு இந்த இனிப்பும் உப்பும் கலந்த மொறுமொறுப்பு எவ்வளவு இதம் என்பது சாப்பிட்டால்தான் தெரியும். திறந்த இல்ல உபசரிப்புக்கு வருகிற மலாய் நண்பர்கள் இதைத்தான் இரண்டாவது முறையும் கேட்பார்கள். சைவக்காரர்களுக்கு நெத்திலிக்குப் பதில் வறுத்த வேர்க்கடலை, பிளாச்சான் இல்லாமல் தனிச் சட்டியில்.

*

கேள்வி (செனாய் வாசகர்): ஊதா கெலடெக்கில் புளிக்கறி வைத்தேன். சிவந்துபோனது. கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. ஊதா நிறம் தருகிற ஆந்தோசயனின் புளிப்பு பட்டால் சிவக்கும், சோடா உப்பு பட்டால் நீலம், பச்சை என்று போகும். சிவப்பு அழகுதான். சோடா உப்பை மட்டும் தூர வையுங்கள்.

*

கேள்வி (நூசா பெஸ்தாரி வாசகி): ஏர் ஃபிரையரில் செய்தால் மொறுமொறுப்பு வருவதில்லை. ஓரம் கருகி, நடுவில் தொளதொளவென்று வருகிறது.

பதில்: சூடு அதிகம், கூட்டமும் அதிகம். 200 டிகிரி வைத்தால் சர்க்கரை முதலில் கருகும். 180 போதும். அரை வேக்காட்டில் வடித்த துண்டுகளின் ஈரம் முழுதும் போகட்டும். ஒரு கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு, எண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு போட்டுப் பிசறி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஒரு கிலோவை இரண்டு மூன்று முறையாகத்தான் செய்ய முடியும். அது பிடிக்கவில்லை என்றால் குவாலிக்கு வாருங்கள், என் ஓட்டு அதற்குத்தான்.

*

கேள்வி (ஜொகூர் பாரு வாசகி): பொங்கலுக்குப் பக்கத்து வீட்டு தியோச்சூ பாட்டியை அழைத்திருக்கிறேன். அவருக்கு இந்தக் கறி பிடிக்குமா?

பதில்: அவருக்கு இந்தக் கிழங்கை நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர்கள் வீட்டு அரிசிக் கஞ்சியில் அது காலங்காலமாக மிதக்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த இந்தக் கிழங்கு ஸ்பானியர் வழியாகப் பிலிப்பீன்ஸ் வந்தது. அங்கே லூசோனிலிருந்து 1593-ல் சென் ஜென்லோங் என்ற வணிகர் கொடியை ஃபுஜியனுக்குக் கொண்டுபோனதாகச் சீனர்கள் சொல்வார்கள். அடுத்த ஆண்டே வந்த பஞ்சத்தில் அது பலரைக் காத்தது. அவர்கள் பாட்டன் பூட்டன் வீட்டுக் கிழங்கு இது, நம் மிளகாயும் புளியும்தான் அவருக்குப் புதிது.

காய்ந்த மிளகாயை நாலாகக் குறைத்து மிளகைக் கூட்டுங்கள், அந்த உறைப்பு அவருக்குப் பழக்கம். கறியோடு கொஞ்சம் வெறும் கஞ்சியும் வைத்துப் பாருங்கள். பாட்டி தன் வீட்டுச் சாப்பாட்டு முறையில் நம் கறியைத் தொட்டுக்கொள்வார்.

*

கேள்வி (தங்காக் வாசகி): ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

பதில்: ஆரஞ்சு ரகமாக வாங்கி, மிளகாய் போடுமுன் நாலு துண்டு எடுத்து மசித்து, ஒரு சொட்டு நெய் விட்டுக் கொடுங்கள். அந்த ஆரஞ்சு நிறம் பீட்டா கரோட்டின். உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும், அதற்குக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். ஆப்பிரிக்காவில் குழந்தைகளின் வைட்டமின் குறையைப் போக்க இந்த ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பியதற்காக மரியா அந்திராதே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ மூவருக்கும் 2016-ல் உலக உணவுப் பரிசில் பங்கு கிடைத்தது. உங்கள் வீட்டில் அது ஒரு குட்டிக் கிண்ணத்தில் இருக்கிறது.

*

கேள்வி (தாமான் பொங்கல் ஏற்பாட்டாளர், மாசாய்): எங்கள் தாமானில் கூட்டுப் பொங்கல். நாற்பது பேர். எத்தனை கிலோ? எப்படி?

பதில்: தலைக்கு நூறு கிராம் தாராளம், தோலும் நுனியும் போக ஐந்து கிலோ வாங்குங்கள். மற்ற அளவுகளை மேலே சொன்னதற்கு ஐந்து மடங்காக்குங்கள். எண்ணெய், உப்பு, மிளகாய் மூன்றை மட்டும் நாலு மடங்கோடு நிறுத்தி ருசி பார்த்துக் கூட்டுங்கள்.

ஐந்து கிலோவையும் ஒரே அண்டாவில் கொட்டினால் தண்ணீரின் கொதி அடங்கி, கிழங்கு அந்த இனிப்பூட்டும் சூட்டிலேயே தங்கிவிடும். ஒரு தடவைக்கு ஒன்றரைக் கிலோ என்று பிரித்து, ஒவ்வொரு முறையும் தண்ணீர் மறுபடி கொதித்தபின் போடுங்கள். பிரட்டுவதும் இரண்டு குவாலியில். ஒருவர் வேகவைக்க, இருவர் பிரட்ட, வெங்காயம் உரிக்க நாலு பேரை முதல் நாளே பிடித்து வையுங்கள்.

தேங்காய்ப்பூ நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் ஊசிப்போகும். உடனே பரிமாறுகிற பந்திக்கு மட்டும் தேங்காய் போடுங்கள். மாலை வரை வருகிறவர்களுக்கு எடுத்து வைக்கிற பங்குக்கு வறுத்து இடித்த எள்ளுப்பொடி தூவுங்கள், பரிமாறுமுன் ஆவி பறக்கச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.